அடைக்கலமும் ஒப்படைப்பும்

பாலக்கரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு வரகனேரி வேற்றூர் அன்று. நடந்து சென்று திரும்பக்கூடிய அயலிடமே. காந்தி சந்தை வெங்காய மண்டியில் கணக்கெழுதி வந்த என் அத்தா, சிறுவனாயிருந்த என்னை ஒருநாள் அவ்வழியே அழைத்துச் சென்றார். "இந்த ஊர்க்காரர் ஒருவர் வெள்ளைக்காரனுக்குத் தப்பி, நம்மவரைப் போல வேடம் போட்டுக்கொண்டு புதுச்சேரி போய்ச் சேர்ந்தார், தெரியுமா?" என்று கேட்டார். வ.வே.சு. ஐயர் என்னும் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான். பின்னாளில் தமிழ் விரிவுரையாளனாகிச் சிறுகதை இலக்கியம் கற்பிக்கும் ஒவ்வோராண்டும், 'குளத்தங்கரை அரசமரம்' கதையோடு ஐயர் தப்பிய கதையையும் சுவைபடச் சொல்லி வந்தேன். மாணவர் ஆர்வத்தோடு கேட்பர். ஓர் அரசு தேடும் மனிதரை இன்னோர் அரசு கொடுக்க மறுப்பது எத்துணைப் பெருமை என்று நானும் மகிழ்ந்ததுண்டு.

அந்த மகிழ்ச்சி 2014ஆம் ஆண்டில் என் வீட்டுக்குள்ளேயே சோதனைக்கு உள்ளாயிற்று. அச்சோதனையில் நான் முதலில் தோற்றேன் என்பதையும் மறைக்காமல் எழுதவே இக்கட்டுரை.

என் மூத்த அக்கா இளமையிலேயே கணவரை இழந்தவர். மச்சான் பணிபுரிந்த இடத்திலிருந்து வந்த தொகையில் இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாயை மகளின் நிக்காஹ்வுக்கென ஒதுக்கி வைத்தார். எங்கள் பகுதியில் சேமிப்புத் திட்டம் ஒன்று நடத்தி வந்தவரிடம் அத்தொகையை நம்பிக் கொடுத்தார். நடத்தியவர் எனக்குப் பள்ளித் தோழர். எங்கள் வீட்டில் நோன்பு திறந்தவர். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவர் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. முந்தைய இரவே வளைகுடா நாடு ஒன்றுக்கு விமானம் ஏறிவிட்டார் என்ற செய்தி நண்பகலுக்குள் தெருவெங்கும் பரவிற்று. பணம் கொடுத்த குடும்பங்கள் முப்பதுக்கும் மேல். பெரும்பாலோர் அன்றாடம் உழைத்து உண்பவர்.

கண்டோன்மெண்ட் பகுதியில் வழக்குரைஞராகத் தொழில் செய்யும் என் பழைய மாணவரிடம் அக்காவை அழைத்துச் சென்றேன். "அந்த நாட்டு அரசு அவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் அன்றே நம் விமான நிலையத்தில் வந்து விழுவானே, ஏன் செய்யவில்லை?" என்று சினத்தோடு கேட்டேன். அவர் பொறுமையாக விடையிறுத்தார்: "ஐயா, நீங்கள் சொல்வது வெளியேற்றம். நமக்கு வேண்டியது ஒப்படைப்பு. செய்தித்தாள்களில் இரண்டையுமே நாடு கடத்தல் என்று எழுதிவிடுகிறார்கள். சட்டத்தில் இரண்டும் வேறு."

சொற்பொருள் கற்பிப்பவனுக்கு மாணவர் சொற்பொருள் கற்பித்தார். அயல்நாட்டான் ஒருவன் தன் மண்ணில் இருக்க வேண்டா எனக் கருதி ஓர் அரசு தானே அனுப்பிவிடுவது வெளியேற்றம். அது அவ்வரசின் தனி உரிமை. எவரும் கேட்டு நடப்பதன்று. ஒப்படைப்போ இரண்டு அரசுகளுக்கு இடையே நிகழ்வது. ஒன்று கேட்க வேண்டும். மற்றொன்று ஆராய்ந்து கொடுக்க வேண்டும். இவ்வேறுபாட்டை நம் உச்ச நீதிமன்றமும் 1955இல் ஹான்ஸ் முல்லர் என்னும் செருமானியரின் வழக்கில் எடுத்துரைத்தது.

கேட்கும் வழியும் நெடியது. முதலில் ஊர்க் காவல்துறையினர் வழக்குப் பதிந்து புலனாய்வு செய்தல் வேண்டும். நீதிமன்றம் பிணையில் விடமுடியாத கைதாணை பிறப்பித்தல் வேண்டும். தேடப்படுபவர் எங்குள்ளார் என்று அறிய, மத்தியப் புலனாய்வுத் துறை வழியாக இன்டர்போல் அமைப்பின் சிவப்பு அறிவிப்பைப் பெறலாம். பலர் நினைப்பதுபோல் அவ்வறிவிப்பே உலகம் முழுவதும் செல்லும் கைதாணை ஆகிவிடாது. அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதை அந்தந்த நாட்டுச் சட்டமே முடிவு செய்யும். பிறகு குற்ற விவரம், சான்றுகள், சட்டப் பிரிவுகள், ஆளை அடையாளம் காட்டும் குறிப்புகள் ஆகியவற்றைத் தொகுத்துக் கோரிக்கை அணியமாக வேண்டும். அந்த நாட்டு மொழியில் பெயர்த்துத் தர வேண்டியதும் உண்டு. இந்தியாவின் சார்பில் அக்கோரிக்கையை விடுப்பது வெளியுறவு அமைச்சகம் ஒன்றே. பணத்தை இழந்த என் அக்காவோ, புலனாய்வு செய்த அதிகாரியோ, ஒரு மாநில அரசோ நேரே அயல்நாட்டின் கதவைத் தட்ட இயலாது.

"அங்கே போனபின்?" என்றேன். "நம் நாட்டிடம் ஒருவரைக் கேட்டால் நாம் என்ன செய்கிறோமோ, பெரும்பாலும் அதைப் போலத்தான் அவர்களும் செய்வார்கள்" என்று கூறி, 1962ஆம் ஆண்டின் ஒப்படைப்புச் சட்டத்தை எடுத்து என் முன் வைத்தார்.

அச்சட்டத்தை அன்றிரவு முழுவதும் படித்தேன். அயல்நாடு ஒன்று கேட்டவுடன் மத்திய அரசு ஆளைப் பிடித்துக் கொடுத்துவிடுவதில்லை. ஒரு நடுவரை விசாரிக்கப் பணிக்கிறது. குற்றம் செய்தாரா இல்லையா என்று அந்நடுவர் முடிவு கட்டுவதில்லை. அது கேட்ட நாட்டு நீதிமன்றத்தின் வேலை. விசாரணைக்கு அனுப்பத்தக்க அளவில் முதல்நோக்கிலேயே வழக்கு உள்ளதா என்பதை மட்டும் ஆராய்கிறார். தேடப்படுபவர் தம் தரப்பைச் சொல்லவும் சான்று காட்டவும் இடமுண்டு. வழக்கு இல்லையேல் விடுதலை. இருப்பின் சிறையில் வைத்து அரசுக்கு அறிக்கை அனுப்புகிறார். அதன் பிறகும் கொடுப்பதா மறுப்பதா என்னும் இறுதி முடிவு அரசினுடையது. கோரிக்கை நல்லெண்ணத்தோடு செய்யப்படவில்லை என்றோ, குற்றம் மிகச் சிறியது என்றோ, அரசியல் காரணத்துக்காகக் கேட்கிறார்கள் என்றோ கருதினால் மறுக்கலாம். ஒப்பந்தம் இல்லாத நாடாயின், ஓராண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக அச்செயல் இருத்தல் வேண்டும். இன்று ஏறத்தாழ ஐம்பது நாடுகளோடு இந்தியாவுக்கு ஒப்படைப்பு ஒப்பந்தங்கள் உள்ளன.

கற்றவன் என்ற முறையில் எனக்கு இவையெல்லாம் விளங்கின. தம்பி என்ற முறையில் எனக்குப் பொறுமை இல்லை. மாதங்கள் கடந்தன. அக்கா மகளுக்கு வந்த ஒரு நல்ல இடம் கைநழுவிப் போயிற்று.

ஓர் இரவு இஷா தொழுகைக்குப் பின், பணம் இழந்தவர் சிலர் என் வீட்டுக்கு வந்தனர். அவர்களுள் மூத்தவர் ஒருவர், "தம்பி, இந்தச் சட்டமெல்லாம் நம் ஆயுளுக்குள் முடியாது. அந்நாட்டு அதிகாரிகளுக்கு ஒரு மனு எழுது. அவனுக்குத் தீவிரவாதிகளோடு தொடர்பு உண்டு என்று ஒரு வரி சேர். ஒரு வாரத்தில் விமானம் ஏற்றிவிடுவார்கள். நீ வாத்தியார், நீ எழுதினால் படிப்பார்கள்" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அன்றிரவு அந்த மனுவை எழுதினேன். இதை ஒப்புக்கொள்ள இன்றும் கை கூசுகிறது. எங்கோ ஒருவன் பொய்யாக எழுதிய ஒரு வரியால் ஆண்டுக்கணக்கில் சிறையிலிருந்து, பின்னர்க் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டவர்களின் செய்திகளைப் படித்துக் கண்கலங்கியவன் நான். அத்தகைய வரி ஒரு குடும்பத்தை, ஒரு தெருவை என்ன செய்யும் என்று அறிந்தவன். அறிந்திருந்தும் எழுதினேன். நடை நன்றாகவே வந்தது.

விடிந்ததும் அக்காவின் கையொப்பத்துக்காக எடுத்துச் சென்றேன். அக்கா பள்ளி இறுதி வகுப்பையும் எட்டாதவர்; ஆயினும் எழுத்துக் கூட்டி முழுவதும் படிப்பவர். அந்த வரிக்கு வந்ததும் நிறுத்தினார். "இது உண்மையா?" என்று கேட்டார். நான் விடை சொல்லவில்லை. தாளை மடித்து என்னிடமே தந்து, "அவன் எடுத்தது பணம். பணத்தை எடுத்தான் என்று மட்டும் எழுது" என்றார்.

அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அந்தத் தாளை நானே அதில் இட்டேன்.

அக்கா சொன்ன அந்தச் சிறு வாக்கியம் ஒப்படைப்புச் சட்டத்தின் தலையாய விதிகளுள் ஒன்று என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன். எக்குற்றத்தைச் சொல்லி ஓர் ஆளைக் கேட்டுப் பெற்றோமோ, அக்குற்றத்துக்கே அவரை விசாரித்தல் வேண்டும். பணமோசடி என்று கேட்டு வாங்கி, வந்தபின் கொலை வழக்குத் தொடுத்தல் ஆகாது. கொடுத்த நாடு இசைந்தாலன்றி, அல்லது அவர் திரும்பிச் செல்ல வாய்ப்பளித்த பின்னரன்றி, வேறு வழக்குக்கு அவரை உட்படுத்த இயலாது. நம் சட்டத்தின் 21ஆம் பிரிவு இதனையே கூறுகிறது. மும்பைக் குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்ட அபு சலேமைப் போர்த்துக்கல் 2005ஆம் ஆண்டு நவம்பரில் இந்தியாவிடம் ஒப்படைத்தது. மரண தண்டனையோ 25 ஆண்டுக்கு மேற்பட்ட சிறையோ விதிக்கப்படாது என்று நம் அரசு அந்நாட்டுக்கு உறுதி தந்திருந்தது. அவ்வுறுதிக்கு இந்தியா கட்டுப்பட்டது என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. குற்றவாளிக்காக அன்று, கொடுத்த சொல்லுக்காக. சொல் தவறும் நாட்டுக்கு அடுத்த முறை எவரும் ஆளைக் கொடார்.

கேட்கும் நாட்டின் நடத்தையும் தராசில் வைக்கப்படுகிறது. 1995இல் புருலியாவில் வானிலிருந்து ஆயுதங்கள் போடப்பட்ட வழக்கில் தேடப்படும் டென்மார்க்கு நாட்டவரை ஒப்படைக்க, அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2011இல் மறுத்தது. இந்தியச் சிறையில் அவர் மனிதத்தன்மையற்ற முறையில் நடத்தப்படக்கூடும் என்பதே காரணம். நம் சிறைக்கூடம் எந்நிலையில் உள்ளது என்னும் வினா, நாம் தேடும் மனிதர் நம் கைக்கு வருவாரா என்பதையும் முடிவு செய்கிறது.

அந்த நிகழ்ச்சிக்குப் பின் ஐயரின் வரலாற்றை மீண்டும் படித்தேன். இம்முறை கைதட்டு வாங்குவதற்காகப் படிக்கவில்லை. வரகனேரியில் ஐயர் பிறந்தது 1881ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள். அதே 1881இல்தான் பிரித்தானியப் பேரரசு தப்பியோடிய குற்றவாளிகள் சட்டத்தை இயற்றியது. பேரரசின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு ஆளை அனுப்புவதற்கான சட்டம் அது. அயல்நாடுகளுக்கென 1870இல் இயற்றிய சட்டத்தில், அரசியல் குற்றத்துக்காக எவரையும் ஒப்படைக்கலாகாது என்ற விலக்கு இருந்தது. 1881ஆம் ஆண்டுச் சட்டத்திலோ அவ்விலக்கு இல்லை. பேரரசு தன் வீட்டுக்குள் தனக்கே விலக்கு அளித்துக்கொள்ளவில்லை. இலண்டனில் 1910ஆம் ஆண்டு மார்ச்சில் கைதான சாவர்க்கர் இச்சட்டப்படியே இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். வழியில் மார்சேல் துறைமுகத்தில் கப்பலிலிருந்து குதித்துப் பிரெஞ்சு மண்ணைத் தொட்டார். அங்குள்ள காவலர் அவரைப் பிடித்துக் கப்பலிலேயே திரும்பச் சேர்த்துவிட்டார். பிரான்சு முறையிட, ஹேக் நகர நடுவர் மன்றம் 1911ஆம் ஆண்டு பிப்ரவரியில், திருப்பித் தர வேண்டிய கடமை பிரித்தானியாவுக்கு இல்லை என்று தீர்ப்புக் கூறியது. சாவர்க்கரின் கொள்கைகளோடு உடன்படாத நாமும் அவ்வழக்கைப் படித்தல் வேண்டும். நமக்கு வேண்டியவருக்கு ஒரு நீதி, வேண்டாதவருக்கு ஒரு நீதி என்று சட்டம் பேசலாகாது அன்றோ?

அவருடைய தோழராகிய ஐயர் அதே 1910இல் இலண்டனை விட்டகன்று, பிரான்சு வழியாகப் பயணம் செய்து, அவ்வாண்டின் இறுதிக்குள் முஸ்லிம் போல் மாறுவேடம் பூண்டு புதுச்சேரியை அடைந்தார். அங்கே 1908 முதல் பாரதியார் இருந்தார். ஐயர் பத்தாண்டளவு அங்கே வாழ்ந்தார். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஒற்றர் சூழ்ந்திருந்தும் பிரித்தானியக் கைதாணை எல்லைக்கோட்டைத் தாண்டவில்லை. 1918ஆம் ஆண்டு நவம்பரில் பாரதியார் எல்லை கடந்தவுடனே கடலூரருகே கைதானார் என்பது அக்கோட்டின் வலிமையைக் காட்டும். ஆயினும் முன்பு வகுப்பில் நான் விரித்துரைக்காத ஒன்றும் உண்டு. 1911ஆம் ஆண்டு ஜூன் 17இல் மணியாச்சியில் ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன், புதுச்சேரியில் ஐயரோடு தொடர்பு கொண்டிருந்தவர். ஆஷுக்கும் குடும்பம் இருந்தது. அடைக்கலம் என்னும் சொல்லுக்கு மறுபுறத்திலும் ஒருவர் அழுதுகொண்டிருக்கக்கூடும் என்பதை, அக்காவின் கண்ணீரைக் கண்ட பிறகே எண்ணிப் பார்த்தேன்.

அந்த 1881ஆம் ஆண்டுச் சட்டம் நம் நாட்டில் முடிவுற்ற கதையும் தமிழ்நாட்டோடு தொடர்புடையது. சிங்கப்பூரில் வழக்குரைஞராயிருந்த சி.ஜி. மேனனும் அவர் மனைவியும் 1952இல் இந்தியா வந்தனர். நம்பிக்கை மோசடிக் குற்றச்சாட்டில் சிங்கப்பூர் அவர்களைக் கேட்டது. சென்னை எழும்பூர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. குடியரசாகிவிட்ட இந்தியா பிரித்தானியப் பேரரசின் உறுப்பன்று. ஆகவே அப்பழைய சட்டப்படி ஆளை அனுப்ப இயலாது என்று 1954இல் தீர்ப்பாயிற்று. விடுதலை பெற்ற நாட்டுக்கு அது பெருமையே. ஆனால் சிங்கப்பூரில் முறையிட்டவரின் நிலை என்ன? பழைய கதவு மூடப்பட்டது. புதிய கதவு இன்னும் அமைக்கப்படவில்லை. அக்குறையை நிறைக்கவே 1962ஆம் ஆண்டின் சட்டம் பிறந்தது. தப்பியவரின் உரிமை, இழந்தவரின் முறையீடு ஆகிய இரண்டுக்கும் இடமளிக்கும் கதவு வேண்டும் என்பதே அதன் உட்கருத்து.

இக்கருத்து நம் மரபுக்குப் புதியதன்று. நபி பெருமானார் (ஸல்) அவர்களின் தோழர்கள் சிலர் மக்காவின் கொடுமை தாங்காது அபிசீனியாவுக்குச் சென்றபோது, குறைஷியர் இரண்டு தூதுவரைப் பரிசில்களோடு நஜ்ஜாஷி மன்னரிடம் அனுப்பி, அவர்களைத் தம்மிடம் தருமாறு கேட்டனர். அவையோரும் கொடுத்துவிடலாம் என்றே கூறினர். மன்னரோ, "அவர்களை அழைத்து என்ன நடந்தது என்று கேளாமல் கொடுக்கமாட்டேன்" என்னும் கருத்துப்பட மறுத்தார். ஜஃபர் (ரலி) அவையில் எழுந்து பேசினார். இருபுறமும் கேட்டபின், பரிசில்களைத் திருப்பியளித்து, வந்தவரைத் தம் நாட்டில் அச்சமின்றி வாழச் செய்தார். அதே வரலாற்றில் மறுபுறமும் உண்டு. ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யா உடன்படிக்கை எழுதப்படும் வேளையில், விலங்கோடு தப்பி வந்த அபூ ஜந்தல் (ரலி) அவர்களை, ஒப்புக்கொண்ட சொல்லுக்காகத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. தோழர்களின் நெஞ்சம் துடித்தது, சொல் காக்கப்பட்டது.

தமிழ் மரபிலோ, சோழர் குல முன்னோனாகப் போற்றப்படும் சிபியின் கதை உள்ளது. உறந்தையை ஆண்ட குலத்தின் கதையாதலின் நம் திருச்சிக்கு உரியதென்றும் கொள்ளலாம். புறாவுக்கு அவன் இரங்கியதை எல்லாரும் பாடுவர். பருந்தை அவன் விரட்டவில்லை என்பதை நாம் கவனிப்பதில்லை. "என் உணவு அது" என்ற பருந்தின் வழக்கையும் வழக்காகவே ஏற்றான். தராசைக் கொண்டுவரச் செய்தான். பாண்டியன் அவையில் தன் ஊரைச் சொல்லும் கண்ணகி, புறாவின் துயர் தீர்த்த அம்மன்னனையே முதலில் நினைக்கிறாள். பொற்கொல்லன் சொல்லொன்றை நம்பிக் கோவலனை வினவாமலே கொல்வித்த அவையில், வினவி அறிந்த மன்னனை அவள் நினைவுகூர்வது பொருத்தம் அன்றோ? நான் எழுதிய மனுவும் பொற்கொல்லனின் சொல்லே. அதை எரிக்கச் செய்தவர் என் அக்கா.

நண்பர்களே, முடிவு யாது என்று கேட்பீர்கள். அன்றைய தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவின்கீழ் வழக்குப் பதிவாகி, குற்றப்பத்திரிகையும் தாக்கலாயிற்று. ஆள் இன்னும் வரவில்லை. அக்கா மகளின் நிக்காஹ் உறவினர் உதவியால் எளிய முறையில் நடந்தேறியது. தோழரின் தாயார் அதே தெருவில் தனியே வாழ்கிறார். ரமளான் மாலைகளில் அக்கா வீட்டிலிருந்து அவருக்கும் ஒரு தூக்கு நோன்புக் கஞ்சி போகிறது. முதல் ஆண்டு அதைக் கண்டு, "இதென்ன அக்கா?" என்று கேட்டேன். "அந்த அம்மா என் பணத்தை எடுத்தாரா?" என்று மட்டும் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. அதற்காக அவர் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் இல்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பையில் காகிதங்களோடு நீதிமன்றம் போய்வருகிறார். "அவன் வரட்டும். என்ன ஆயிற்று என்று அவன் வாயால் சொல்லட்டும்" என்பதே அவர் கேட்பது.

இவ்வாண்டும் வகுப்பில் வ.வே.சு. ஐயரைப் பாடமாகச் சொன்னேன். புதுச்சேரிப் பயணத்தைச் சொன்னபோது மாணவர் வழக்கம்போல் மகிழ்ந்தனர். "ஐயரைக் கொடுக்காதது சரியென்றால், பணத்தைத் திருடி ஓடியவனைக் கொடுக்காததும் சரிதானா, ஐயா?" என்று பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து வினவினாள். மணி அடித்தும் எவரும் எழவில்லை. அவளுக்கு அன்று நான் சொன்ன விடையையே இங்கு எழுதியிருக்கிறேன்.